கேள்வியோடு அலைந்த நரேந்திரன்

அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகு தாத்தா காலத்துச் சாமி எதுக்கு? ஐந்தாம் படிவம் முடித்த நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். சன்னாசிமலை மாசி மகத்துக்குக் காவடி எடுக்கிற அண்ணனிடம் கேட்டால் முறைப்பார். முறைப்பது பதில் ஆகாது, இல்லையா? இதே கேள்வியோடு கல்கத்தாவில் ஒரு கல்லூரி மாணவர் அலைந்தார். பெயர் நரேந்திரநாத் தத்தா. பின்னாளில் சுவாமி விவேகானந்தர்.

1863 ஜனவரி 12-இல் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். மேல்நாட்டுத் தத்துவம் படித்த பையன், ஆங்கிலேய அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சருக்கே கடிதம் எழுதினான். உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, காளியைக் கேலி பண்ணினான். பெரியவர்களிடம் போய், கடவுளைப் பார்த்ததுண்டா என்று நேராகவே கேட்பான். தேவேந்திரநாத் தாகூரிடமும் நேரான பதில் இல்லை. 1881-இல் சந்தித்த தட்சிணேஸ்வரத்து ராமகிருஷ்ணர் மட்டும் பார்த்ததாகச் சொன்னார்.

உடனே காலில் விழுந்துவிடவில்லை நரேந்திரன். காசு பட்டாலே குருவுக்கு ஆகாது என்பதைச் சோதிக்க, மெத்தைக்கடியில் ரகசியமாக ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தான். உட்கார்ந்தவர் வலியில் துள்ளி எழுந்தாராம். அதற்கு இன்று ஒரு மருத்துவர் வேறு விளக்கம் சொல்லலாம். எனக்குப் பெரிதாகப் படுவது, குரு கோபப்படவில்லை என்பதுதான். நாணயத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல் தன்னையும் சோதிக்கச் சொன்னவரே அவர்.

1884-இல் அப்பா இறந்தார். வீட்டில் கடன், பசி. செருப்பில்லாத காலோடு கம்பெனி கம்பெனியாக வேலை தேடினார். கடவுள் இருந்தால் இந்தத் துன்பம் ஏன் என்று வெளிப்படையாகவே பேச, நாத்திகன் ஆகிவிட்டான் என்றது ஊர். காளியிடமே போய்க் கேள் என்றார் குரு. மூன்று தடவை போனார். மூன்று தடவையும் பணம் கேட்க வாய் வரவில்லை; ஞானமும் பக்தியும் கேட்டுவிட்டுத் திரும்பினார். கேலி செய்த காளியை அன்றுதான் ஏற்றார்.

1893-இல் சென்னை இளைஞர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக வசூல் பண்ணி அனுப்ப, மே 31-இல் பம்பாயில் கப்பலேறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போன கப்பல் நம்ம மலாக்கா நீரிணையைத்தான் கடந்தது! செப்டம்பரில் சிகாகோ. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது, இங்கிலாந்தில் அவர் பேசியது. மற்ற அறிவுத் துறைகளைப் போலச் சமயத்தையும் பகுத்தறிவு சோதிக்கட்டும், அதில் அழிவது மூடநம்பிக்கை, அது சீக்கிரம் போவதே நல்லது, சாரமானது நிற்கும் என்று வாதாடினார். அவர் படம் போட்ட சட்டையைப் போடுகிற நாம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். மேலே உட்கார்ந்து தண்டிக்கிற கடவுளை அவர் விட்டார். உயிர்தோறும் இருக்கிற கடவுளை விடவில்லை. 1898-இல் கல்கத்தாவில் பிளேக் வந்தபோது, நோயாளிகளுக்குப் பணம் போதாவிட்டால் மடத்துக்குப் புதிதாக வாங்கிய நிலத்தையே விற்கத் தயாரானார். 1902 ஜூலை 4-இல் மறைந்தபோது வயது 39.