அயலவர் யார்?

இயேசுநாதர் அருளிய நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காத்தவன் அவன் இனத்தவனல்லன், வேற்றினத்தான். அயலவர் என்பவர் அருகில் வசிப்பவர் அல்லர், நாம் நாடிச் சென்று துயர் துடைக்க வேண்டியவரே என்பது இதன் உட்பொருள். இதை வாழ்ந்து காட்டியவர் டாக்டர் இசபெல் கெர் அம்மையார்.

1875-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர், 1907-இல் கணவர் ஜார்ஜ் கெருடன் ஹைதராபாத் சமஸ்தானத்துக்கு வந்தார். தொழுநோயாளரைப் பெற்ற வீடே புறந்தள்ளிய காலம் அது. நிஜாமாபாத் பகுதியில் அவர்களின் நிலை கண்டு அம்மையார் உள்ளம் உருகினார். பரிவு மட்டும் போதாது. தங்க இடமும் மருந்தும் வேண்டும். ராஜா நர்ஸா கௌடு என்னும் இந்துச் செல்வர் பெருநிதி வழங்க, டிச்பல்லியில் மருத்துவமனை எழுந்தது. நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழி செலுத்தும் சிகிச்சை அங்கு நடைபெற்றது. பிறர் தீண்ட அஞ்சிய உடல்களை அம்மையார் தம் கைகளால் தொட்டுச் சிகிச்சை அளித்தார்.

1923-இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1932-இல் அவர் மறைந்த பின்னும் பணி தொடர்ந்தது.

கடல் கடந்து வந்த கிறிஸ்தவ மருத்துவர், பொருள் ஈந்த இந்துச் செல்வர் இருவருமே அந்தச் சமாரியனின் வழி நின்றவர்கள். துன்புறுபவரிடம் குலமும் சமயமும் வினவாத அன்பே இறைவழிபாடு.