பைத்தியக்காரன் யார்?

குளச்சலில் 1741-ம் ஆண்டு டச்சுப் படையை முறியடித்தவர் மார்த்தாண்டவர்மா மகாராஜா. அவருடைய இளமையை நாவலாக்கிப் புகழ் பெற்றார் சி.வி.ராமன்பிள்ளை.

1858-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பி.ஏ. தேறி, ஐகோர்ட்டில் வேலை பார்த்தார். சட்டம் படிக்கச் சென்னைக்குப் போனார். வக்கீல் ஆகவில்லை, நாவலாசிரியர் ஆனார்!

1891-ல் "மார்த்தாண்டவர்மா" அச்சில் வந்தது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் அதுவே.

இளவரசரைக் கொல்லத் துரத்துகிறார்கள் பகைவர்கள். ஒரு பைத்தியக்காரன் குறுக்கிட்டுக் காப்பாற்றுகிறான். யார் அவன்? காதலன் இறந்துவிட்டான் என்று ஏங்குகிறாள் பாறுக்குட்டி. அந்தக் காதலன் அனந்தபத்மநாபன்தான் பைத்தியக்காரன்! வேஷம் பிறகுதான் கலைகிறது.

மன்னர் உண்மை; இளவரசரைக் காக்க உயிர் கொடுக்கும் சுபத்திரை கற்பனை. ஆனாலும் அவள் சாகும் இடத்தில் படிப்பவர் கண் கலங்கும்.

1922-ல் ராமன்பிள்ளை மறைந்தார். சுபத்திரை சாகவில்லை.