கோல் ஏந்திய நல்லாசிரியர்: ஹாவி பெனிக்

களத்திலே வெற்றி வாகை சூடிய வீரர் பலரின் பெயரை உலகம் அறியும். அவ்வீரரை ஆக்கிவிட்ட ஆசிரியரின் பெயரை அறிவார் மிகச் சிலரே. நம் இலக்கண நூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினர். ஏடும் எழுத்தாணியும் கொண்டு கற்பித்தோர்க்கு மட்டுமே அவ்வுவமைகள் உரியன என்று எண்ணுதல் பிழை. அமெரிக்க நாட்டிலே, ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலே, மரநிழலும் புல்வெளியுமே பள்ளியாகக் கொண்டு கோல்ப் ஆட்டம் கற்பித்த ஹாவி பெனிக் என்னும் பெரியாருக்கும் அவை நன்கு பொருந்துதலை அவர் வரலாற்றிற் காணலாம்.

கோல்ப் ஆட்டம் நம்மவரிற் பலர்க்குப் பழக்கமில்லாதது. ஆதலின் அதன் இயல்பை முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். பரந்த புல்வெளியிலே 18 குழிகள் தொலைவு தொலைவாக அமைந்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் உரிய தொடக்க இடத்திலிருந்து சிறு பந்தொன்றைக் கோலால் அடித்துச் சென்று, இறுதியில் அக்குழியினுள் வீழ்த்தல் வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். பெரும் போட்டிகள் நான்கு நாட்கள் நடைபெற்று 72 குழிகளில் நிறைவெய்தும். பந்தோ அசையாது கிடக்கின்றது. அதனைப் பறிக்க எதிரி எவரும் வருவதில்லை. ஆயினும் இதனினும் அரிய ஆட்டம் வேறில்லை என்பர் ஆடி அறிந்தோர். கோலைப் பற்றும் பிடி, நிற்கும் நிலை, தோள் திரும்பும் அளவு, உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் தருணம் ஆகியவற்றுள் ஒன்று நூலிழை பிசகினும் பந்து வேறு திசை நோக்கிப் பறந்துவிடும். பிசகு எங்கே நேர்ந்தது என்பதை ஆடுபவர் தாமே காணவும் இயலாது. ஆதலினாலேயே பரிசுப் பொருளைக் கொண்டு வாழ்க்கை நடத்தும் தொழில்முறை வீரரும் நல்லாசிரியரைத் தேடி வருகின்றனர்.

ஹாவி பெனிக் 1904ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் நாள் ஒஸ்ரின் நகரிற் பிறந்தார். எட்டு வயதிலேயே ஒஸ்ரின் கன்றி கிளப் என்னும் கழகத்தில், ஆடுவோரின் கோற்பையைச் சுமந்து செல்லும் சிறுவராய்ப் புகுந்தார். பை சுமந்து பின் நடந்த அக்காலமே அவர் கல்விக்காலமாயிற்று. கற்றார் ஆடுவதையும் கல்லார் ஆடுவதையும் அருகிருந்து கண்டார். எவர் பந்து எங்ஙனம் சென்றது, ஏன் அங்ஙனம் சென்றது என்று ஆராய்ந்தார். 1923இல் அக்கழகத்தின் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது அவர் உயர்தரப் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளைஞர். 1971இல் தம் மைந்தர் ரின்ஸ்லியிடம் அப்பொறுப்பை ஒப்புவிக்கும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பதவியில் இருந்தார். அதனோடு 1931 முதல் 1963 வரை ரெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்கும் பயிற்றுநராய் விளங்கினார். அந்த 33 ஆண்டுகளில் அவ்வணி தன் வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாகையை 21 முறை சூடியது.

தாமே பெருவீரராதல் வேண்டும் என்னும் ஆசை அவர்க்கும் இளமையில் இருந்தது. ஹியூஸ்ரன் நகரிலே நடந்த போட்டி ஒன்றில் சாம் சினீட் என்னும் இளைஞர் அடித்த அடியின் ஓசை துப்பாக்கி வெடித்தாற்போல அவர் காதில் விழுந்தது. பந்தும் குண்டுபோற் பறந்தது. அவ்வோசையைக் கேட்ட மாத்திரத்தில் தம் வழி வேறு என்று பெனிக் தெளிந்தார். தம்மால் அங்ஙனம் அடிக்க இயலாது. ஆயின் அடிக்கக் கற்பிக்க இயலும் என்று உணர்ந்து, உள்ளம் முழுவதையும் கற்பித்தற் பணிக்கே ஒப்படைத்தார். தம் எல்லையை அறிந்து, அவ்வெல்லைக்குள் நிறைவு காண்பது எளிய செயலன்று. அத்தெளிவு அவர்க்கு வாய்த்தமையாற் பிற்கால வீரர் பலர் பயன்பெற்றனர்.

அவருடைய கற்பித்தல் முறையை இனி நோக்குவோம். உடலுறுப்புக்களின் அசைவைப் பகுத்துப் பகுத்துப் பேசி மாணவரை மருட்டுதல் அவர் வழக்கமன்று. நீர் நிறைந்த வாளியை முன்னும் பின்னும் ஆட்டும் சிறுவனை நினைக்கச் சொல்வார். வாளியின் பாரமே ஆட்டத்தின் கதியைக் கற்பித்துவிடும். புல் வெட்டும் கருவியைக் கையிற் கொடுத்து வீசச் சொல்வார். அவ்வீச்சில் உடலின் பாரம் இடக்காலுக்கு மாறுவதும், வலமுழங்கை உடலையொட்டி இறங்குவதும் ஒரே கணத்தில் இயல்பாக நிகழும். கோல்ப் வீச்சின் உயிர்நிலை அதுவே என்பது அவர் கொள்கை. பந்தை ஓங்கி அடிக்க முனைந்து தசையை இறுக்குவோரிடம், பந்தை மறந்து, அது வைக்கப்பட்டிருக்கும் சிறு மரமுளையைக் கோலாற் கொய்துவிடுமாறு கூறுவார். அங்ஙனம் செய்தவுடன் வீச்சுத் தானே சீர்ப்படும்.

மருந்தின் அளவு பற்றியும் அவர் மிகுந்த எச்சரிக்கை உடையவர். தலைவலிக்கு ஒரு மாத்திரை கொள்ளச் சொன்னாற் குப்பி முழுவதையும் விழுங்கிவிடும் இயல்பு மாணவர்க்கு உண்டென்பதை அவர் அறிவார். பிடியைச் சிறிது திருப்பச் சொன்னாற் பெரிதும் திருப்பிவிடுவர். ஆதலின் ஒரு பாடத்தில் ஒன்றை மட்டுமே, அதனையும் சிறிதளவே கூறுவார். செய்யாதே என்னும் எதிர்மறைச் சொல்லை இயன்றவரை விலக்கி, செய்ய வேண்டியது இன்னதென்றே சொல்வார். ஒரு மாணவருக்கு எச்சொல்லாற் கூறினால் விளங்கும் என்று முன்னரே நெடிது சிந்தித்துத் தேர்ந்த பின்னரே வாய் திறப்பார்.

தொழில்முறை வீராங்கனையருள் அவர்பாற் பயின்றோர் பலர். பெற்சி றோல்ஸ் என்பார் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் பௌதிகமும் கணிதமும் கற்றவர். பதினேழு வயதளவில், இவ்வாட்டத்துக்குப் பிந்திய பருவத்தில், கோலைக் கையில் எடுத்தவர். முதற் பாடத்துக்கு மட்டுமே கட்டணம் பெற்ற பெனிக், அதன்பின் அவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. 1953இல் ஐக்கிய அமெரிக்கப் பெண்கள் திறந்த போட்டியில் றோல்ஸ் சமநிலையுற்று மறுபடியும் ஆட நேர்ந்தபோது, ஆசிரியரிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. இலக்கை மட்டுமே உறுதியாக நோக்கும்படி அறிவுறுத்தும் சில சொற்களே அதில் இருந்தன. பிடி பற்றியோ வீச்சுப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. கற்பிக்கும் காலம் வேறு, ஆடும் காலம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். றோல்ஸ் வென்றார், அப்போட்டியை மொத்தம் நான்கு முறை வென்று புகழ் பெற்றார்.

நியூ மெக்சிக்கோ மாநிலத்து ஜேல் என்னும் சிற்றூரிலிருந்து கதி விற்வேர்த் என்னும் இளம்பெண்ணை, அவ்வூர் ஆசிரியரே பெனிக்கிடம் அனுப்பிவைத்தார். தம்மினும் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் உளர் என்று கூறித் தம் மாணவியை அனுப்பிய அவரது பெருந்தன்மையும் போற்றற்குரியதே. ஏறத்தாழ 400 மைல் தொலைவைத் தாயார் மோட்டார் வண்டியிற் கடந்து மகளை அழைத்து வந்தார். பின்னாளில் விற்வேர்த் தொழில்முறைப் போட்டிகளில் 88 வெற்றிகளை ஈட்டினார்.

எனினும் பெனிக்கின் ஆசிரியத் திறத்தைத் தெள்ளிதின் விளக்குவோர் பென் கிறென்ஷோ, ரொம் கைற் என்னும் இருவரே. இருவரும் ஒரே நகரில் வளர்ந்து, ஒரே ஆசிரியரிடம், ஏறத்தாழ ஒரே காலத்திற் கற்றனர். கைற் 1949இலும் கிறென்ஷோ 1952இலும் பிறந்தவர்கள். இயல்போ வேறு வேறு. கிறென்ஷோவுக்கு ஆட்டம் பிறவியிலேயே வாய்த்தது. சிறுவராயிருந்த அவரைத் தொலைவிலுள்ள புற்றரைக்குப் பந்தை அடிக்கச் சொன்னார் ஆசிரியர். பந்து அங்கே போய் விழுந்தது. அருகிற் சென்றபின் அதனைக் குழியில் இடுமாறு கூறினார். குழியில் வீழ்த்துவதே கருத்தாயின் முன்னரே சொல்லியிருக்கலாமே என்று சிறுவர் வியந்து கேட்டனராம். கைற்றுக்கோ உழைப்பே துணை. இருள் கவியும் வரை பயிற்சித் திடலை விட்டு அகலாதவர் அவர்.

இவ்விருவர்க்கும் ஒரே பாடத்தை ஆசிரியர் கற்பிக்கவில்லை. மிகப் பயின்றாற் பிழை செய்யக் கற்றுக்கொள்வார் என்று அஞ்சி, கிறென்ஷோவை அதிகம் பயில விடவில்லை. கைற்றை வேண்டுமட்டும் பயில விட்டார். ஒருவர்க்குப் பாடம் சொல்லும்போது மற்றவர் நின்று பார்ப்பதையும் அவர் அனுமதிக்கவில்லை. ஒருவர்க்கு மருந்தாவது மற்றவர்க்கு நஞ்சாதலும் கூடும் அன்றோ? தொழில்முறைச் சுற்றுக்குப் புறப்பட்ட கைற்றுக்கு அவர் கூறிய அறிவுரைகளுள் ஒன்று வியப்பானது. குழியருகே பந்தை நன்கு உருட்ட வல்லாரோடு சேர்ந்து இராவுணவு கொள்ளும்படி அவர் பணித்தார். தேர்ந்தாரின் பேச்சும் மனவுறுதியும் உடனுண்பாரைப் பற்றும் என்பது அவர் கருத்து. 1972இல் அகில அமெரிக்கக் கல்லூரிகளின் தனியாள் வாகையை இம்மாணவர் இருவரும் சமமாகப் பகிர்ந்து கொண்டனர்.

கிறென்ஷோவின் வாழ்வில் இன்பமே நிறைந்திருந்ததன்று. 1973இல் தொழில்முறை வீரரான அவர், தலையாய நான்கு போட்டிகளில் ஐந்து முறை இரண்டாமிடம் பெற்று வெற்றியைத் தவறவிட்டார். 1982இல் அவர் ஆட்டம் பெரிதும் குலைந்தது. பலர் பலவாறு கூறிய அறிவுரைகளையெல்லாம் கேட்டு, இயல்பான வீச்சையே இழந்து நின்றார். ஈற்றிற் பழைய ஆசிரியரிடமே மீண்டார். புதியது எதனையும் பெனிக் கற்பிக்கவில்லை. ஏற்றவற்றையெல்லாம் களைந்து, மாணவரின் பழைய இயல்பை அவர்க்கே திருப்பிக் கொடுத்தார். 1984இல் ஜோர்ஜியா மாநிலத்து ஓகஸ்ரா நகரில் நடைபெற்ற மாஸ்ரர்ஸ் பெரும் போட்டியிற் கிறென்ஷோ வென்றார்.

பெனிக் ஏறத்தாழ 60 ஆண்டுகளாகச் செந்நிற அட்டையுடைய குறிப்பேடு ஒன்றில் தம் அனுபவங்களை எழுதி வந்தார். மைந்தரன்றிப் பிறர் எவரும் அதனைப் படித்ததில்லை. 1991இல், முதுமையும் நோயும் உடலை வாட்டிய நிலையில், அதனை எழுத்தாளர் பட் ஷிறேக்கிடம் கொடுத்தார். நூலுக்குரிய முன்பணம் 90,000 டொலர் என்று ஷிறேக் அறிவித்தபோது, அத்தொகையைத் தாமே வெளியீட்டாளருக்குச் செலுத்தல் வேண்டும் போலும் என்று எண்ணி, மருத்துவச் செலவுக்கிடையே அவ்வளவு பொருளுக்கு எங்கே போவதென்று அம்முதியவர் கலங்கினாராம். தம் அறிவுக்கு விலையுண்டு என்பதையே எண்ணாத உள்ளம் அது. 1992இல் வெளிவந்த அச்சிறு செந்நூல் விளையாட்டு நூல்களுள் மிகுதியாக விற்பனையானவற்றுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டு கைற், தம் 42ஆம் வயதில், ஐக்கிய அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார்.

1995ஆம் ஆண்டின் இளவேனிலிற் பெனிக் படுக்கையிற் கிடந்தார். மாஸ்ரர்ஸ் போட்டி நெருங்கிக் கொண்டிருந்தது. கிறென்ஷோவுக்கோ வயது 43. ஆட்டம் மீண்டும் சோர்ந்திருந்தது. மறைவுக்குச் சில நாட்களுக்கு முன் தம்மைக் காண வந்த மாணவரை, குழியருகே பந்தை உருட்டும் பழைய கோல் ஒன்றை எடுத்து வரப் பணித்தார் ஆசிரியர். படுக்கையில் இருந்தபடியே இறுதிப் பாடம் நடந்தது. கோலின் தலை கையை முந்திச் செல்லலாகாது. தன்மீது நம்பிக்கை வைத்தல் வேண்டும். இவையே அப்பாடத்தின் சாரம். அவை புதியனவல்ல, சிறுவயது முதல் மாணவர் கேட்டனவே. ஏப்ரல் 2ஆம் நாள் ஞாயிறன்று ஆசிரியர் காலமானார்.

செய்தி ஓகஸ்ராவை எட்டியது. போட்டி வியாழனன்று தொடங்கவிருக்க, அதற்கு முன்னாள் புதனன்று கிறென்ஷோவும் கைற்றும் ஒஸ்ரினுக்குப் பறந்து சென்று, ஆசிரியரின் பேழையைத் தாங்கினர், அன்றே திரும்பினர். அவ்வாரம் பயிற்சியின்போது, நெடுங்காலம் தம் கோற்பையைச் சுமந்த காள் ஜாக்சன், பந்தைச் சற்றுப் பின்னே வைத்துத் தோளைச் சிறிது இறுக்கமாகத் திருப்புமாறு கூறினார். சில அடிகளிலேயே கிறென்ஷோவின் வீச்சுச் சீர்ப்பட்டது. பை சுமந்தே ஆட்டத்தைக் கற்ற பெனிக்கின் மாணவர், பை சுமப்பாரின் சொல்லைச் செவிமடுத்ததும் பொருத்தமே. உருட்டுதற்கரிய ஓகஸ்ராப் புற்றரைகளிலே, 72 குழிகளிலும் ஒரு குழியிலேனும் மூன்று முறை உருட்ட நேராமல் அவர் ஆடினார். இறுதி நாள் 16ஆம், 17ஆம் குழிகளில் ஒவ்வோர் அடி குறைத்து முந்தி, 274 அடிகளில் முடித்து, டேவிஸ் லவ் என்பாரை ஓரடியால் வென்றார். அந்த லவ்வின் தந்தையாரும் பெனிக்கிடம் பயின்றவரே. கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் கிறென்ஷோ முகத்தைக் கையாற் பொத்திக் குனிந்து அழுதார். ஜாக்சன் அவரைத் தாங்கிக் கொண்டார். ஆட்டக்காரர் ஒருவர் பையிற் கொள்ளத்தக்க கோல்கள் 14 மட்டுமே. தம் பையில் அவ்வாரம் பதினைந்தாவதாக ஆசிரியரும் இருந்தார் என்று அவர் பின்னர்க் கூறினார்.

2002இல் உலகக் கோல்ப் புகழ் மண்டபத்திற் பெனிக்கின் பெயர் சேர்க்கப்பட்டது. அப்பெருமையினும் அப்புதன்கிழமைப் பேழையைத் தாங்கிய கைகளே அவர்க்கு உரிய நினைவுச்சின்னம். இரு மாணவரையும் அவரவர் இயல்பறிந்து தூக்கி, அவரவர்க்கு வேண்டிய அளவே அளந்து கொடுத்தார் அவர். நிறைகோல் என்று நம் முன்னோர் கூறியது இத்தகையோரையே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மருந்தை ஒரே அளவில் வழங்கும் நாம், அவர் வரலாற்றைப் படித்தபின் நம் கையிலுள்ள கோலை ஒருமுறை நோக்குதல் நன்று.