கசாப்புக் கடையில் பிறந்த ஆட்டம்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் மெல்ரோஸ் என்று ஒரு சிற்றூர். 1883-ம் வருஷம் அவ்வூர் ரக்பி சங்கத்தின் கஜானா காலி. அங்கத்தினர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது யோசனை சொன்னவர் ஒரு கசாப்புக் கடை வாலிபர். பெயர் நெட் ஹெய்க்.

1858-ல் ஜெட்பரோ என்னும் ஊரில் பிறந்த ஹெய்க், இளம் வயதிலேயே மெல்ரோஸுக்கு வந்து கசாப்புத் தொழில் பழகினார். ரக்பியில் ஆசை அதிகம். முதலாளி டேவிட் சாண்டர்சனும் அதே கோஷ்டியில் ஆடியவர்தான்.

பல ஊர்க் கோஷ்டிகளை அழைத்து ஒரே நாளில் போட்டி வைத்தால் வசூல் ஆகும் என்பது ஹெய்க்கின் எண்ணம். ஆனால் ரக்பியில் பக்கத்துக்கு 15 பேர். ஒரே பிற்பகலில் அத்தனை ஆட்டங்களை எப்படி முடிப்பது? ஆளையும் குறைத்தார், நேரத்தையும் குறைத்தார். பக்கத்துக்கு 7 பேர். ஆட்டத்துக்கு 15 நிமிஷம். ஊர்ப் பெண்மணிகள் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார்கள்.

ஏப்ரல் 28-ந் தேதி பக்கத்து ஊர் ஜனங்கள் ரயிலேறி வந்து குவிந்தார்கள். இறுதி ஆட்டத்தில் மெல்ரோஸும் காலா கோஷ்டியும் மோதின. நேரம் முடிந்தும் வெற்றி தோல்வி இல்லை. இன்னும் சிறிது நேரம் ஆடலாம் என்றார் மெல்ரோஸ் தலைவர் சாண்டர்சன். பத்து நிமிஷத்தில் மெல்ரோஸ் ஒரு 'ட்ரை' போட்டது. போட்ட கையோடு, கோப்பை தங்களுக்கே என்று மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டது! காலாக்காரர்கள் ஆட்சேபித்துப் பயனில்லை. சற்று அடாவடிதான்; வென்ற கோஷ்டியில் ஹெய்க்கும் இருந்தார்.

ஏழைச் சங்கத்துக்காகச் சுருக்கிய இந்த ஆட்டம் பின்னாளில் ஏழைத் தீவுகளுக்குக் கை கொடுத்தது. பசிபிக் தீவுகளில் ரக்பி மோகத்துக்குக் குறைவில்லை, வசதிதான் குறைவு. 1924 ஆகஸ்டில் ஆபியா நகரில் பிஜியும் மேற்கு சமோவாவும் தங்கள் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது மைதானத்துக்குள்ளேயே ஒரு பெரிய மரம் நின்றது. ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போகவேண்டுமென்று காலை 7 மணிக்கே ஆட்டம் தொடங்கிற்று. அப்படிப்பட்ட நாடுகள் 15 பேர் ஆட்டத்துக்குப் பெரிய படையைத் திரட்டிக் கடல் கடந்து அனுப்புவது லேசா? எழுவர் ஆட்டத்துக்கு மாற்று ஆட்களையும் சேர்த்து ஒரு டஜன் பேர் போதும். ஒரே மைதானத்தில் இரண்டு மூன்று நாட்களில் பல நாடுகளின் போட்டியும் முடிந்துவிடும்.

ஹெய்க் 1939-ல் தமது 80-வது வயதில் காலமானார். அவர் வாழ்நாளில் அவரது ஆட்டம் எல்லை தாண்டி இங்கிலாந்தில் வேரூன்றியது. 1976-ல் ஹாங்காங் போட்டி ஆரம்பமான பிறகே அது உலக ஆட்டமாயிற்று. எழுவர் உலகக் கோப்பைக்கு மெல்ரோஸின் பெயரையே வைத்தார்கள். 1997-லும் 2005-லும் அதைத் தட்டிச் சென்றது பிஜி.

2016-ல் எழுவர் ரக்பி ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. பிஜி கோஷ்டியின் பயிற்சியாளர் பென் ரயானுக்கு ஆரம்பத்தில் சில மாதங்கள் சம்பளமே கிடைக்கவில்லை. சிகடோகா மணல் மேடுகளில் ஆட்டக்காரர்களை ஏறி இறங்க வைத்தே அவர் பயிற்சி கொடுத்தார். ரியோ நகரில் இறுதி ஆட்டம் பிரிட்டனுடன். 43-7 என்ற கணக்கில் பிஜி வென்றது. அந்நாடு கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம்! மறு வருஷம் பிஜி அரசாங்கம் அதன் நினைவாக 7 டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டது.