பழஞ்சுளுக்கும் தீன் முகம்மதுவும்

சென்ற மழைக்காலத்தில் உஸ்மானியா மைதானத்தில் சடுகுடு ஆடும்போது என் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. விடுதி நண்பனொருவன் அன்றிரவே எண்ணெய் காய்ச்சி வந்து, தன் பாட்டனார் வைத்தியர் என்று பெருமையடித்தவாறே அழுத்தித் தேய்த்தான். விடிந்தபோது கால் பூசணியாய் வீங்கியிருந்தது! வீக்கம் வற்றும்வரை சூடும் தேய்ப்பும் ஆகா. ஓய்வும் குளிர் ஒத்தடமுமே போதும் என்றார் இயன்முறை மருத்துவர். சில நாள் சென்றபின் அவரே கட்டைவிரலால் மெல்ல நீவ, நோவு தணிந்தது. படுக்கையில் கிடந்த அந்நாட்களில்தான் தீன் முகம்மதுவின் வரலாற்றைப் படித்தேன்.

பாட்னாவில் 1759-இல் பிறந்தவர். தந்தையை இழந்து, சிறுவனாகவே பேக்கர் என்னும் அயர்லாந்துக்காரப் படைத்தலைவரை அண்டினார். 1784-இல் அவரோடு கார்க் நகரம் சேர்ந்தார். ஜேன் டேலி என்னும் மங்கையை மணந்தார். 1794-இல் தம் பயணங்களை நூலாக்கினார். ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. 1810-இல் இலண்டனில் திறந்த உணவு விடுதியோ இரண்டே ஆண்டில் அவரை நொடிக்கச் செய்தது.

ஐம்பதைக் கடந்த வயதில், கையில் காசின்றி, 1814-இல் பிரைட்டன் கடற்கரையூரை அடைந்தார். அங்கே நோயாளியை மூலிகை நீராவி நிறைந்த ஃபிளானல் கூடாரத்துள் அமர்த்துவார். உடல் வியர்த்துத் தளர்ந்ததும், கூடாரத்தில் தைத்த கைகள் வழியே தம் கரங்களை நுழைத்து மூட்டுகளை அழுத்திப் பிசைவார். 'அழுத்து' எனப் பொருள்படும் இந்திச் சொல்லே 'ஷாம்பூ' ஆயிற்று. இன்று நாம் தலையில் நுரைக்கும் பொருளுக்கு அப்பெயர் போனது வேடிக்கைதான். கீல்வாதம், மூட்டுப்பிடிப்பு, பழஞ்சுளுக்கு ஆகியவற்றுக்கெல்லாம் ஏற்றதென விளம்பரம் செய்தார். பழஞ்சுளுக்கு என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும், புதுச்சுளுக்கு அன்று! நலமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அவர் குளியலகத்தில் காட்சியாயின. நான்காம் ஜார்ஜும் அவருக்குப்பின் வந்த நான்காம் வில்லியமும் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டனர்.

ஒன்றை மறைத்தல் முறையன்று. பிற்காலத்தில் தாம் பிறந்தது 1749 என்று பத்தாண்டைக் கூட்டி, கல்கத்தாவில் மருத்துவம் பயின்றதாகவும் எழுதிக்கொண்டார். பட்டமில்லாத கையை வெள்ளையர் நம்பார் என்று அஞ்சினார் போலும். அவ்வச்சம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் வீங்கிய காலோடு படித்தவனுக்கு அப்பொய் சுருக்கென்றது.

முதுமையில் குளியலகம் ஏலம் போயிற்று. 1851 பிப்ரவரியில் பிரைட்டனிலேயே மறைந்தார். பேரர் பிரெடரிக் அக்பர் முகம்மது இலண்டன் கைஸ் மருத்துவமனையில் முறையாகவே பயின்று மருத்துவரானார். இரத்த அழுத்தத்தை ஆராய்ந்து பெயர் பெற்றார்.