கிராமத்துப் பெண்களின் டொக்டர் மேரி இரட்ணம்

தொண்டாற்றும் மகளிரைப் பற்றிப் பேசும்போது, பிறந்த மண்ணை விட்டு வந்து எமது நாட்டுப் பெண்களுக்காகவே வாழ்ந்த டொக்டர் மேரி இரட்ணம் அம்மையாரை நாம் மறத்தலாகாது.

1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த அம்மையார், பெண்கள் மருத்துவம் பயில்வதே அரிதாயிருந்த காலத்தில் ரொறொன்ரோவில் பட்டம் பெற்று, 1896 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். ஆனால் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரட்ணத்தை அவர் மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. வந்த பணியே கைநழுவியது. ஊர் திரும்பியிருக்கலாம்; அவர் திரும்பவில்லை. கொழும்பில் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிலும், பின்னர் தனியாகவும் வைத்தியம் பார்த்தார்.

நோயாளரைக் குணப்படுத்துவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909 இல் தமிழ் மகளிர் சங்கத்தைத் தொடக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் முன்னின்றார். 1931 இல் எமது பாட்டிமார் முதன்முதலாக வாக்களித்தபோது அதற்குப் பின்னால் இவரது உழைப்பும் இருந்தது. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் இவரே.

எனினும் அவரது பெரும் பணி 1930 இல் நிறுவிய லங்கா மஹிலா சமித்தியே. கனடாவின் கிராமிய மாதர் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு அது அமைந்தது. பட்டணத்துப் படித்த பெண்கள் தொண்டர்களாகக் கிராமங்களுக்குச் சென்றனர். தாய் சேய் நலம், போசாக்கு, சுத்தம், வீட்டுத்தோட்டம், தையல், நெசவு என்பன அங்கே கற்பிக்கப்பட்டன. கொடுத்துவிட்டு வருவது நோக்கமன்று. கிராமத்துப் பெண்களே கூடி, தம் சமித்தியைத் தாமே நடத்த வேண்டும் என்பதே நோக்கம். இன்று ஒரு சமூக நிலையத்தில் மாலை வகுப்பு எடுக்கும் எம்மவருக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் எம்மவருக்கும் இதில் பாடமுண்டு. நாம் விலகிய பின்பும் நடக்கும் வேலையே சேவை.

1958 இல், எண்பத்தைந்தாவது வயதில், அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1962 இல் அவர் காலமானார். மிஷன் அவரைக் கைவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் எமது பெண்களைக் கைவிடவில்லை. நூற்றாண்டு காணும் எமது சங்கமும் அவ்வழியில் நிலைத்து நிற்பதாக.