சில மணி நேரமே நின்ற சிலை

2005 பிப்ரவரியில் காங்கோ சனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவின் மையத்தில், குதிரைமேல் அமர்ந்த வெண்கல மன்னர் ஒருவர் மீண்டும் நிறுத்தப்பட்டார். அவர் பெல்ஜியத்தின் இரண்டாம் லியோபோல்டு. மன்னரின் நல்ல பக்கத்தையும் மக்கள் பார்க்க வேண்டும் என்பது பண்பாட்டு அமைச்சரின் வாதம். சில மணி நேரத்தில் சிலை அகற்றப்பட்டது. காரணம் அந்த மன்னரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1835இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த லியோபோல்டு 1865இல் அரியணை ஏறினார். பெல்ஜியத்தின் அரசமைப்பு மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்திருந்தது. அந்நாட்டு அரசியல்வாதிகளுக்குக் குடியேற்ற நாடுகளில் நாட்டமில்லை. எனவே தமக்கென ஒரு நாட்டைத் தாமே தேடினார். 1876இல் புவியியல் அறிஞர்களைத் தம் அரண்மனைக்கு அழைத்து, ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்தை ஒழிப்பதே தம் நோக்கம் என்று அறிவித்தார். கொள்ளை, மனிதநேயத்தின் உடையில் புறப்பட்டது.

அவர் அமர்த்திய ஸ்டான்லி, காங்கோ ஆற்றங்கரைத் தலைவர்களிடம் அவர்களால் படிக்க இயலாத மொழியில் ஒப்பந்தங்களைப் பெற்றார். சில துணிகளுக்கும் சிறு பொருள்களுக்கும் ஈடாக நிலமும் உழைப்பும் எழுதி வாங்கப்பட்டன. 1884-85 பெர்லின் மாநாட்டுக் காலத்தில் வல்லரசுகள் அவருடைய உரிமையை ஏற்றன. அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை. பெல்ஜியத்தைப்போல் 75 மடங்குக்கும் மேல் பரந்த நிலம் ஒரு தனிமனிதரின் ஆளுகைக்குள் வந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் காங்கோ சுதந்திர அரசு.

வன்முறைக்கு முன்பாகச் சட்டம் வந்தது. 1885ஆம் ஆண்டு ஆணை, ஆளில்லா நிலமனைத்தும் அரசுடைமை என்றது. மக்கள் தலைமுறைகளாக வேட்டையாடிய, காய்கனி சேகரித்த காடுகள் ஒரே கையெழுத்தில் ஆளில்லா நிலங்களாயின. ரப்பர் சக்கரங்களுக்கான தேவை உலகெங்கும் பெருகியதும், ஊர்தோறும் இவ்வளவு ரப்பர் என்று அளவு விதிக்கப்பட்டது. ஆண்கள் காட்டிலிருந்து ரப்பரைக் கொண்டுவரும்வரை பெண்கள் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டனர். செலவிட்ட தோட்டாவுக்குக் கணக்காக வெட்டப்பட்ட கைகளைப் படைவீரர்கள் ஒப்படைத்தனர். அந்தச் செல்வம் பெல்ஜியத்தில் மாளிகைகளாகவும் வளைவுகளாகவும் எழுந்தது. 1897இல் தெர்வூரன் கண்காட்சிக்காக 267 காங்கோ மக்கள் அழைத்துவரப்பட்டு, காட்சிப்பொருளாக வைக்கப்பட்டனர். அவர்களில் 7 பேர் இறந்தனர்.

இக்கொடுமைகளை 1890இலேயே அம்பலப்படுத்தியவர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின அமெரிக்கர். பின்னர் கப்பல் நிறுவன எழுத்தர் மோரல், ரப்பரோடு வரும் கப்பல்கள் ஆயுதங்களோடு திரும்புவதைக் கண்டு, அங்கு நடப்பது வணிகமன்று என உணர்ந்தார். கேஸ்மென்டின் அறிக்கை 1904இல் வெளியானது. மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி அமர்ந்திருக்கும் தந்தையை அலைஸ் ஹாரிஸ் எடுத்த ஒளிப்படம் உலகை உலுக்கியது. 1908இல் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தபோது, லியோபோல்டு தம் ஆட்சியின் ஆவணங்களை எரிக்கச் செய்தார். மக்கள்தொகைக் கணக்கே எடுக்கப்படாத அந்நாட்டில் ஒரு கோடி உயிர்கள் வரை இழக்கப்பட்டதாகச் சில ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். எண்ணிக்கை குறித்து இன்றும் விவாதம் தொடர்கிறது. எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்காமல் 1909இல் அவர் இறந்தார்.

உயிரோடிருந்தவரை ஒருமுறையும் அவர் காங்கோ மண்ணை மிதித்ததில்லை. 1928இல்தான் வெண்கலமாக வந்து சேர்ந்தார். அப்போது அந்நகரத்தின் பெயரும் லியோபோல்டுவில். 1960இல் விடுதலை கிடைத்தது. 1966இல் நகரம் கின்ஷாசா ஆயிற்று. மறு ஆண்டு மொபுட்டு ஆட்சியில் சிலை இறக்கப்பட்டது.

சிலையை அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்போர் எங்கும் உண்டு. காங்கோவின் வரலாற்றை எரித்தவர் அந்தச் சிலைக்கு உரியவரே. நடுத்தெருவில் உயர்ந்த பீடத்தில் நிறுத்தினால் அது மரியாதை. அருங்காட்சியகத்தில் வைத்தால் அது சாட்சியம். கின்ஷாசாவின் சிலை இன்று ங்கலியேமா குன்றில் அருங்காட்சியகப் பொருளாக நிற்கிறது. பிரஸ்ஸல்ஸில் அதன் மூலச்சிலை இன்னமும் அரண்மனையருகே பீடத்தில் இருக்கிறது. 2020இலும் 2022இலும் பெல்ஜிய மன்னர் பிலிப் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.